கடைசிப் பெயர்

என் தம்பி ஒரு பெரிய கம்பெனியில் இஞ்சினியர். இந்த ஒரு வரியை அச்சில் எழுத எனக்கு ஒன்பது வருசம் ஆகியிருக்கிறது. கம்பெனிப் பேரைப் போடக்கூடாது, அவன் பேரைப் போடக்கூடாது, ஊர்ப் பேரைப் போடக்கூடாது, ‘நீ எழுதுற பேரையும் மாத்திக்கோக்கா’ என்று நாலு நிபந்தனை போட்டான். மூன்றை உடனே ஒத்துக்கொண்டேன். நாலாவதுக்கு இரண்டு மாதம் சண்டை நடந்தது. நான் எழுதுவது என் பெயரும் நைனா பெயரும் சேர்ந்த பெயரில். அதே நைனா பெயர்தான் அவன் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையிலும் இருக்கிறது. கடைசியில் இந்தக் கட்டுரைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன். இந்த இதழைத் தொடர்ந்து படிக்கிற தோழர்கள் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வடாற்காட்டுக்காரர்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏரிக்கால்வாய். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கூலி, மழை இல்லாத மாசங்களில் செங்கல் சூளை. அம்மா நடவு, களையெடுப்பு, பிறகு நூறு நாள் வேலை. நான் எம்.ஏ. தமிழ். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், வருசத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம். மீதி நேரம் இயக்க வேலை. தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்து 2010-இல் பிளஸ் டூ முடித்தான். கட்-ஆஃப் 171.5. இஞ்சினியரிங் நுழைவுத் தேர்வை 2006-ஆம் வருசச் சட்டம் ஒழித்திருந்தது. அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் கோச்சிங் கிளாசுக்குக் கட்ட எங்களிடம் ஆட்டுக்குட்டிகூட இல்லை. அரசுப் பொறியியல் கல்லூரியில் எஸ்.சி. இடத்தில் சேர்ந்தான். அந்த வருசம்தான் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. அது அவனுக்குக் கிடைக்கவில்லை, வீட்டுக்கு முதல் பட்டதாரி நானாகிவிட்டேன். ‘எம்மே, இவ தமிழு படிச்சி என் காசக் கெடுத்துட்டா’ என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எஸ்.சி. பிள்ளைகளுக்கான கட்டண விலக்கில் தப்பித்தோம்.

நாலாம் வருசத் தொடக்கத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. வேலைவாய்ப்பைக் கவனித்த ஆசிரியர் முந்தின நாள் எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாராம். ‘குடும்பத்தப் பத்திக் கேப்பாங்க. அப்பா கூலின்னு சொல்லாதீங்க, விவசாயம்னு சொல்லுங்க.’ தம்பியும் விவசாயம் என்று சொன்னான். எதிரில் உட்கார்ந்திருந்தவர் விடவில்லை. எத்தனை ஏக்கர் என்று கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘ரெண்டு’ என்று சொல்லிவிட்டான். வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. பட்டா கிடையாது, சர்வே நம்பர் கிடையாது. கம்பெனிக்குள் மட்டும் இருக்கிற நிலம். டீமில் யாராவது ‘உங்க ஊர்ல மழையா, பயிரெல்லாம் எப்படி’ என்று கேட்டால் அதற்கும் பதில் தயார் செய்துகொண்டு போக வேண்டும். அம்மா அவ்வப்போது போனில் கேட்பாள்: ‘டேய், நம்ம ரெண்டு ஏக்கர்ல இந்த வருசம் இன்னாடா போட்டுக்கீற? நெல்லா, மல்லாட்டையா?’ 1892-இல் வெள்ளைக்காரன் பஞ்சமி நிலம் என்று உத்தரவு போட்டானே, அது எங்கள் சேரிக்கு ஒழுங்காக வந்து கையிலும் நின்றிருந்தால் என் தம்பி பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அம்மாவின் கேலியில் நான் சிரிக்கும்போதெல்லாம் இந்த நினைப்பும் வரும்.

குடும்பப் பின்னணியைக் கேட்பது ஏதோ அந்த ஒரு ஆளின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் தில்லியில் பெரிய கம்பெனிகளுக்கு ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசி 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அந்த அதிகாரிகள் தாங்களே சொல்கிறார்கள்: சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம், ஆனால் குடும்பப் பின்னணி கேட்போம். அப்பா என்ன வேலை, எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் என்ன செய்கிறார்கள். இது சாதி கேட்பது ஆகாதாம். அதே வருசம் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் இன்னொன்று செய்து காட்டினார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தகுதி. விண்ணப்பத்தில் பெயர் மட்டும் வேறு. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் என்று தெரிகிற கடைசிப் பெயருக்கு மேல்சாதிப் பெயரைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு.

நமக்கென்ன, தமிழ்நாட்டில்தான் சாதிப் பட்டம் இல்லையே என்று சொல்லலாம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தை விடச்சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் செங்கல்பட்டு தெரியாது. முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். கடைசிப் பெயர் இல்லாமல் மேலே நகராது. ஒற்றை எழுத்து இனிஷியலைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே நைனா பெயர் முழுசாக ஏறியது. அடையாள அட்டையில், மின்னஞ்சலில், இருக்கைக்கு மேல் ஒட்டிய சீட்டில்.

நைனா பெயரை இங்கே எழுதக்கூடாது. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: மண்ணாங்கட்டி, அமாவாசை, குப்பன் என்கிற வரிசையில் வருகிற பெயர். ஆயாவுக்கு முதலில் பிறந்த பெரியநைனா தங்கினார். அடுத்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாவது நிற்கட்டும், எமன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர். எங்கள் தெருவில் அது கேவலமான பெயர் கிடையாது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆயாவின் பயம்தான் ஞாபகம் வரும். சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் அதற்கு வேறு அர்த்தம். அமெரிக்காவில் இருக்கிற வாடிக்கையாளர்கள் மரியாதையாக ‘மிஸ்டர்’ போட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருக்கிற தமிழ்க்காரர்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். ஒருத்தன் கேட்டானாம்: ‘இது நிஜமாவே உங்கப்பா பேரா, இல்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?’

ஒரு தடவை தம்பி பெயர் மாற்ற மனுப் போட்டான். நைனா பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு ‘குமார்’ சேர்த்து ஒரு கடைசிப் பெயர் கேட்டான். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வரும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை நைனாவிடம் சொல்லவில்லை. நைனா 2022-இல் இறந்தார். அந்த அட்டையைக் கையில் வாங்கி, தன் பெயர் இங்கிலீசில் இருப்பதைத் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்ட மனுசன்.

அவன் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அங்கே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் இவர்களின் கணினிக்கு வரும். பகலெல்லாம் சேர்ந்த பில்கள் ராத்திரி ஒரே மூட்டையாக உள்ளே போகும். ஐம்பது அறுபது வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஏதோ ஒரு கோப்பில் தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் போதும், மொத்த வரிசையும் நின்றுவிடும். நின்றால் ‘டிக்கெட்’ விழும். டிக்கெட்டுக்குத் தரம் உண்டு. முதல் தரம் என்றால் 15 நிமிசத்துக்குள் பார்த்துவிட்டேன் என்று பதில் போட வேண்டும், 4 மணி நேரத்தில் சரி செய்ய வேண்டும். தாண்டினால் கம்பெனிக்கு அபராதம். மாசத்தில் ஒரு வாரம் போன் தலைமாட்டில் இருக்கும். குளிக்கப் போனாலும் கூடவே போகும்.

எங்கள் தாத்தா ஊரில் நீர்க்கட்டி. ஏரித் தண்ணி ஊரான் நிலத்துக்கெல்லாம் முறையாகப் போகிறதா என்று ராத்திரி லாந்தரோடு மதகு மதகாகப் போய்ப் பார்ப்பவர். எந்த மதகில் எவ்வளவு பாயும் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு குழி நிலம் இல்லை. தம்பியின் வேலையைக் கேட்டபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது, சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. ‘எல்லாத்தையும் அப்டியே கொண்டுபோய்ச் சேக்காதக்கா. எனக்கு இந்த வேல பிடிக்கும். காலைல மூணு மணிக்கு எல்லாரும் தேடிக்கினு இருக்கும்போது அந்த ஒரு வரிய நான் கண்டுபிடிப்பேன் பாரு, அது உனுக்குப் புரியாது’ என்றான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். விடுதியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு ஓடி வருகிற பையனின் முகம். நாம் எழுதுகிற கட்டுரைகளில் இந்த முகம் வருவதேயில்லை. நம் பிள்ளைகள் அங்கே அவமானப்பட மட்டுமே போவதுபோல எழுதிவிடுகிறோம். அவன் நன்றாக வேலை தெரிந்த இஞ்சினியர். அதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் அது அவனுக்குச் செய்கிற துரோகம்.

மீதி என்னவென்றால், சேர்ந்து ஆறு வருசம் அவன் இந்த ராத்திரி வேலையிலேயே இருந்தான். புதுசாகக் கட்டுகிற வேலை ஒன்று உண்டு, வாடிக்கையாளரோடு உட்கார்ந்து எப்படிக் கட்டலாம் என்று பேசுகிற வேலை உண்டு, அமெரிக்காவுக்கே அனுப்புகிற ஆன்சைட் உண்டு. அவனோடு சேர்ந்தவர்கள் இரண்டாவது வருசத்திலேயே அந்தப் பக்கம் போனார்கள். இவனுக்கு வருசாவருசம் எழுதப்பட்ட குறிப்பு ஒன்றே: ‘கம்யூனிகேசன் இன்னும் மேம்பட வேண்டும்.’ அவன் சேர்ந்த காலத்தில் அங்கே மணி வளைவு என்று ஒன்று வைத்திருந்தார்கள். பத்துப் பேர் இருந்தால் ஒன்றிரண்டு பேர் மேலே, ஏழெட்டுப் பேர் நடுவில், ஒருத்தர் கட்டாயம் கீழே. எல்லாரும் நன்றாக வேலை செய்தாலும் ஒருத்தர் கீழே போயே ஆக வேண்டும். யார் அந்த ஒருத்தர் என்று மூடின அறையில் முடிவாகும். அந்த அறையில் உனக்காக வாய் திறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வருவார்? மதியம் கூடச் சாப்பிடுகிறவர், வார இறுதியில் வீட்டுக்குப் போய் வருகிறவர், கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறவர். இதில் யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்ட வேண்டியதே இல்லை. அது தன்பாட்டுக்கு நடந்துவிடும். தம்பிக்கு இரண்டு தடவை கீழ் இடம் வந்தது. சாதியால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவனும் சொல்வதில்லை. ‘என் இங்கிலீசு அப்டித்தான்க்கா’ என்பான்.

நைனா என்று கூப்பிடுவதால் ஒரு வேடிக்கை நடந்தது. சேர்ந்த புதுசில், பேன்ட்ரியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். ‘நைனா, மாத்தர போட்டியா நைனா’ என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். டீம் லீடு காதில் விழுந்துவிட்டது. ‘ஓ, நீங்க தெலுங்கா? வீட்டுல தெலுங்குதானா?’ என்று கேட்டிருக்கிறார். தெலுங்கிலும் நைனாதானே. தம்பி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தான். அவ்வளவுதான். நாயுடுவா ரெட்டியா என்று அவர்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ரெண்டு ஏக்கர் நிலம் வேறு இருக்கிறது. இரண்டு வருசம் என் தம்பி அந்த மாடியில் ஏதோ ஒரு தெலுங்குச் சாதிக்காரனாக இருந்தான். அந்த இரண்டு வருசம் மதியச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இடம் இருந்தது. பெயரைக் கேட்டுச் சிரித்ததுகூட ‘கிராமத்துப் பெயர்’ என்று ஆகிவிட்டது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருத்தர். அந்த மாடியில் கூட்டித் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளி அக்கா. ராஜீவ்காந்தி சாலைக் கம்பெனிகளைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: காலையில் நீலச் சட்டை, தொப்பி போட்டு உள்ளே போகிற பெண்களில் நிறையப் பேர் கண்ணகி நகர், செம்மஞ்சேரிக்காரர்கள். சென்னையின் ஆற்றோரத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் 2000-க்குப் பிறகு பெயர்த்துக்கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம் சனங்கள். அந்த அக்காவும் அப்படி வந்தவர்தான். தம்பி நைனா என்று பேசுவதைக் கேட்டிருக்கிறார். அவன் போனை வைத்ததும், தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், ‘தம்பிக்கு வடாற்காட்டுப் பக்கமா?’ என்று கேட்டார். தம்பி தலையாட்டினான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கூட வேலை செய்கிற இன்னொரு அம்மாவிடம் மெதுவாக, ‘நம்ம புள்ள’ என்று சொன்னது இவன் காதில் விழுந்தது.

அடுத்து அவன் செய்ததை அவன் வாயாலேயே எனக்குச் சொன்னான், அதனால்தான் எழுதுகிறேன். அந்த அக்கா இருக்கிற நேரத்தில் பேன்ட்ரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். வேறு மாடிக்குப் போய் டீ குடித்தான். சில மாதம் கழித்து ஒப்பந்தம் மாறி, அந்த அக்காவை வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ‘அவங்க பேருகூட நான் கேக்கலக்கா’ என்றான்.

2019 ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் நான் பேசினேன். யாரோ படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். கீழே என் பெயர், நைனா பெயரோடு. அந்தப் பெயர் அபூர்வமான பெயர் இல்லையா. டீமில் ஒரு பெண் போனைக் கொண்டுவந்து தம்பியிடம் காட்டி, ‘ஹேய், சேம் லாஸ்ட் நேம். உன் சிஸ்டரா?’ என்று கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள்.

‘இல்லன்னு சொல்ட்டேன்க்கா.’

அவனேதான் போன் பண்ணிச் சொன்னான். மறைத்திருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. நான் கோழை என்றேன், அம்பேத்கர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு என்று ஆரம்பித்துச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். மேடையில் பேசுகிற பழக்கம், வார்த்தை கிடைத்துக்கொண்டே இருந்தது. அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். ‘உனக்கு அந்தப் பேரச் சொன்னா கை தட்றாங்க. எனக்கு?’ ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஆறு மாதமும் மூன்றாம் தேதியானால் என் கணக்கில் அவன் அனுப்புகிற எட்டாயிரம் ஏறியது. நானும் திருப்பி அனுப்பவில்லை. கூட்டங்களுக்குப் போன பஸ் காசு, வாங்கிய புத்தகம், இந்த இதழுக்குக் கட்டிய ஆயுள் சந்தா எல்லாம் அவன் ராத்திரி கண் முழித்த காசு. என்னை அக்கா இல்லை என்று சொன்ன இடத்தில் சம்பாதித்த காசில்தான் நான் அவனைக் கோழை என்று திட்டினேன்.

எங்கள் சித்தப்பா ஒருவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே சாதி இல்லையா என்றால், நிறைய இருந்தது. ‘கோட்டா இஞ்சினியர்’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அங்கே சங்கம் இருந்தது. சங்க அறையில் அம்பேத்கர் படம் இருந்தது. இனச்சுழற்சிப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனால் அதைக் காட்டிக் கேட்கலாம். ஆணையத்துக்கு எழுதலாம். சித்தப்பாவுக்கு யாரிடம் சண்டை போடுவது என்று தெரிந்திருந்தது. தம்பியின் கம்பெனியில் சாதி என்கிற சொல்லே எந்தப் படிவத்திலும் கிடையாது. இடஒதுக்கீடு அரசு வேலையோடு நின்றுவிட்டது. 2004-இல் தொடங்கி தில்லியில் தனியார் துறை இடஒதுக்கீட்டைப் பேசினார்கள். முதலாளிகள் சங்கங்கள் 2006-இல், சட்டமெல்லாம் வேண்டாம், நாங்களாகவே செய்கிறோம் என்று சொல்லி முடித்துவிட்டன. பங்குச் சந்தையில் இருக்கிற பெரிய கம்பெனிகள் செபிக்கு வருசாவருசம் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஊழியரில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று அதில் உண்டு. தலித் ஊழியர் எத்தனை என்று ஒரு கட்டம் இல்லை. ஆனால் அதே அறிக்கையில், சமூகப் பொறுப்புச் செலவால் பயனடைந்தவர்களில் நலிந்த, விளிம்புநிலைப் பிரிவினர் எத்தனை சதம் என்று ஒரு கட்டம் உண்டு. நம்மை எண்ணத் தெரியாமல் இல்லை. தானம் வாங்குகிற வரிசையில் நிற்கும்போது எண்ணுகிறார்கள்.

தம்பியின் கம்பெனிக்காரர்களும் ஒரு சனிக்கிழமை பஸ் வைத்து ஓர் ஆதிதிராவிடர் நல விடுதிக்குச் சுவரில் வண்ணம் அடிக்கப் போனார்கள். தம்பி காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். எங்களுடையது தொகுப்பு வீடு, ஒரு அறை, ஒரு திண்ணை. சிக்னல் கிடைப்பது ஜன்னல் ஓரத்தில் மட்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நெல் அளக்கிற மரக்காலின் மேல் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தான். வீடியோவை எப்போதும் அணைத்தே வைத்திருந்தான். நெட் வீக் என்று காரணம். அம்மாவும் நைனாவும் அவன் பேசும் நேரமெல்லாம் மூச்சுவிடாமல் திண்ணையில் கிடந்தார்கள்.

சூன் மாதம் பெரியநைனா செத்துப்போனார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. பெரியநைனா பறையடிக்கிறவர். எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் கைக்கு ஒரு பெயர் இருந்தது. 1998-இல் சேரியில் கூடி ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது முதலில் கையெழுத்து வைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு நம் தெருச் சாவுக்கு மட்டும்தான் அடித்தார், காசு வாங்க மாட்டார். தம்பிக்கு ஏழு வயதில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அடி கற்றுக்கொடுத்தவர். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி. அவர் சோட்டு ஆட்கள் நாலு பேர் மட்டும் பறையோடு வந்தார்கள். சாயந்தரம் எடுக்க வேண்டும்.

அன்றைக்குத் தம்பிக்கு முதல் தர டிக்கெட் விழுந்தது. மாற்றிவிட ஆளில்லை. பெரியப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் விட்டிருப்பார்களா என்று கேட்டேன். விட்டிருப்பார்கள், மாற்று ஆள் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் நேரம் தாண்டிவிடும், அந்தக் கணக்கு தன் பேரில் ஏறும் என்றான். மூன்றாவது தடவையும் கீழ் இடம் வந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். நாங்கள் எல்லாரும் சாவு வீட்டில். அவன் மட்டும் ஜன்னல் ஓரத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு.

ஆறரை மணிக்குப் பாடை எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனது. இந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கை அணைத்து வைத்திருந்தான். அமெரிக்காக்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்ல மைக்கைத் திறக்க வேண்டியதாயிற்று. பறைச் சத்தம் முழுசாக உள்ளே போய்விட்டது. ‘ஏதோ கொண்டாட்டம் நடக்கிறது போலிருக்கிறதே’ என்று அந்த மனுசர் நல்லவிதமாகவே கேட்டிருக்கிறார். டீம் லீடு முந்திக்கொண்டு, கோயில் திருவிழாவா என்றார்.

‘எஸ், ஃபெஸ்டிவல்’ என்றான் தம்பி.

கொஞ்ச நேரத்தில் டீம் லீடு தனியாக ஒரு செய்தி போட்டார். ‘லாக்டவுன்லயும் உங்க ஊர்ல திருவிழாவா? செம.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மையைத் தம்பி எனக்குக் காட்டினான், சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்து தலைமுழுகின பிறகு. அவன் அழவில்லை. மரக்காலின் மேல் மடிக்கணினி திறந்தே இருந்தது.

அதற்கு இரண்டு வாரத்துக்குள்தான் அந்தச் செய்தி வந்தது. 2020 சூன் 30-ஆம் தேதி கலிபோர்னியா மாகாண அரசின் துறையே சிஸ்கோ கம்பெனி மேலும் அதன் இஞ்சினியர்கள் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டது. தலித் இஞ்சினியர் ஒருவரை, இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்குள் வந்தவர் என்று மற்றவர்களிடம் சொல்லிக் காட்டிக்கொடுத்தார்கள், அவர் 2016-இல் புகார் செய்த பிறகு ஒதுக்கினார்கள் என்பது வழக்கு. கம்பெனி மறுத்தது. 2023-இல் அந்த இரண்டு பேர் மேல் இருந்ததை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது, கம்பெனி மேல் வழக்கு தொடர்ந்தது. அந்த 2023-இல்தான் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. கலிபோர்னியா சட்டசபையும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அக்டோபரில் ஆளுநர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

செய்தி வந்த அன்றே தம்பிக்கு அனுப்பினேன். சந்தோசத்தில் அனுப்பினேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகக் கேட்டான்: ‘அந்த ஆளு பேரு இன்னாக்கா?’ ஜான் டோ என்று போட்டிருக்கிறது, அது நிஜப் பெயர் இல்லை, பெயரை மறைக்க அமெரிக்கக் கோர்ட்டில் போடுகிற பெயர் என்றேன். ‘அவரு ஐ.ஐ.டி.ல படிச்சவரு. அமெரிக்காவுல இருக்காரு. அவராலயே பேரு போட முடியல. நீ என்னப் போடச் சொல்ற.’

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவன் வேறு கம்பெனியில் இருக்கிறான். அதுவும் பெரிசுதான். புதுசாகக் கட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேருக்கு அவன் லீடு. நைனா பெயர் அப்படியே இருக்கிறது. ரெண்டு ஏக்கரைப் புது இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. அப்பா கூலி வேலை செய்தார் என்று ஒருத்தரிடம் சொன்னானாம். சாதியை இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவனிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அம்மா மாட்டுக்கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தான். மூன்று இடத்தில் கோடு போட்டான். இரண்டு இடம் எடுக்கச் சொல்லி, எடுத்துவிட்டேன். துடைக்கிற அக்காவைப் பற்றின இடத்தை ரொம்ப நேரம் பார்த்தான், அதில் கோடு போடவில்லை. மூன்றாவது கோடு பெரியநைனா சாவில். எடுக்கணுமா என்றேன்.

‘வேணாம், இருக்கட்டும். அந்த டிக்கெட்ட ஒம்போது நாப்பதுக்கு முடிச்சேன்னு எழுது. டைம் தாண்டல.’